காய்ந்த பிறகு தெரியும் நிறம்

அத்தியாயம் 9

மூன்று வாரமாக அந்த வீட்டில் சண்டையே இல்லை. அதுதான் மேக்கப்பம்மாவை வாட்டியது.

"டீ போடட்டுமா அத்தை?" என்பாள் மருமகள்.

"வேண்டாம்மா, நீயே களைச்சுப் போய் வந்திருக்கே. நான் போடறேன்."

"இல்ல அத்தை, நீங்க உக்காருங்க."

இருவரும் சமையலறை வாசலில் ஒருவருக்கொருவர் வழிவிட்டபடி நின்றுவிடுவார்கள். பள்ளிப் பேருந்து ஓட்டும் மேக்கப்பம்மாவின் கணவர்தான் நடுவில் புகுந்து தனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டு போவார். "எல்லாரும் எல்லாருக்கும் வழி விட்டா வண்டி நகருமா? இந்த வீட்டுக்கு ஒரு டிராபிக் போலீஸ் வேணும்" என்பார்.

மரியாதை என்பது சில வீடுகளில் பூட்டு. இரண்டு பேரிடமும் சாவி இருக்கும். யார் முதலில் திறப்பது என்பதில்தான் தயக்கம்.

பூட்டு விழுந்த நாள் அவளுக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருந்தது. மகனின் கல்யாண வரவேற்பு. ஊரில் இருக்கும் மணப்பெண்களில் பாதிப் பேருக்கு இருபத்தாறு வருடமாக அலங்காரம் செய்தவள், மேக்கப்பம்மா என்று எல்லோராலும் அழைக்கப்படுபவள், தன் மருமகளை வேறு ஒருவர் கையில் கொடுப்பாளா? இரண்டு மணி நேரம் உட்கார வைத்தாள். நல்ல ஃபவுண்டேஷன் பாட்டில்களை எல்லாம் திறந்தாள். அந்தப் பெண் நல்ல கறுப்பு. இரண்டு படி நிறம் ஏற்றி, "கண்ணாடியைப் பாரு இப்போ" என்று பெருமையோடு சொன்னாள்.

மருமகள் பார்த்தாள். சிரித்தாள். மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தது. முன்நெற்றி முடியில் தண்ணீர் சொட்டியது. அப்படியே மேடை ஏறிவிட்டாள்.

நானூறு பேர். பின்னால் யாரோ கிசுகிசுத்தது மேக்கப்பம்மாவின் காதில் விழத்தான் செய்தது. "மாமியார் கைராசி மருமகளுக்கு ஒத்துக்கலை போல!"

ஏன் கழுவினாய் என்று அவள் கேட்கவில்லை. மருமகளும் சொல்லவில்லை. மகன் வேலை விஷயமாக வெளியூருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. வீட்டில் இருந்தாலும் கேட்டிருக்க மாட்டான். அவனுக்குக் கண்ணில் மை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. அவள் எட்டு வருடமாக மாலை வேலைக்குப் போகும் டிவி நிலையத்தின் தயாரிப்பாளர்.

"மேக்கப்பம்மா, நேத்து ஆறு மணி செய்தி பார்த்தீங்களா?"

"வழியில இருந்தேன் சார். என்ன ஆச்சு?"

"ஒன்பது செகண்ட் வெறும் நாற்காலி போச்சு. செய்தி வாசிக்கிற பொண்ணு வந்து சேரலை. எங்கே இருந்தாங்க தெரியுமா? பாத்ரூம்ல. நீங்க போட்டு விடறதைத் தினமும் கழுவிட்டு, பையில இருந்து அவங்களே ஏதோ போட்டுக்கிட்டு வர்றாங்களாம். ரெண்டு மாசமா நடக்குது. எனக்கு நேத்துதான் தெரியும்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் உங்களைக் குறை சொல்லலைம்மா. ஆனா மேலே இருக்கறவங்க வேற ஆளைப் பார்க்கச் சொல்றாங்க. இன்னிக்கு ஒரு நாள் டைம் வாங்கியிருக்கேன். இன்னிக்கும் அவங்க கழுவினாங்கன்னா, என் கையில ஒண்ணும் இல்ல."

போனை வைத்தபின் சோபாவில் உட்கார்ந்துவிட்டாள். புதிதாக வந்த அந்தச் செய்திப் பெண்ணும் கறுப்புதான்.

ஒருத்தி கழுவினால் திமிர் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், மனதுக்குள், மூன்று வாரமாக. இரண்டு பேர் கழுவினால்?

அலமாரியைத் திறந்து பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தாள். பன்னிரண்டு. ஒன்பது பாட்டில்கள் பால் நிறத்திலிருந்து கோதுமை நிறம் வரை. அடுத்த இரண்டு தேன். கடைசி ஒன்று மட்டும் அடர்ந்த பழுப்பு. போன மாதம் மொத்தமாக வாங்கியபோது கூடவே வந்தது. அதன் மூடி மேல் காகிதம்கூடக் கிழியவில்லை.

இத்தனை வருடம் கறுப்பான பெண்கள் வந்தபோது எதைப் போட்டாள்? தேனை எடுத்துக் கொஞ்சம் கறுப்பு மையைக் கலப்பாள். புறங்கையில் குழைத்துப் பார்ப்பாள். சரியாக இருப்பதுபோல் தெரியும். முகத்தில் போட்டால் ஏதோ ஒரு சோர்வு வரும். அதை மறைக்க இன்னும் பவுடர். யாரும் குறை சொன்னதில்லை. நிறம் ஏறினால் போதும் என்றுதான் அவர்களுடைய அம்மாக்களும் கேட்டார்கள்.

மருமகள் கேட்கவில்லை. அவளாகத்தான் ஏற்றினாள். அதுவும் பாசத்தில். கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் மன்னிப்புக் கேட்பது இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

கணவர் காலை ட்ரிப் முடிந்து வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். விஷயத்தைக் கேட்டார்.

"இதுக்கு எதுக்கு இப்படி உக்காந்திருக்கே? கலர் சேர்க்கறதுதானே பிரச்சினை? அதுக்குச் சம்பளம் வாங்கற ஆளு நம்ம வீட்லயே இருக்கே!"

"அவ காருக்குப் பெயிண்ட் கலக்கறவ. முகமும் காரும் ஒண்ணா?"

"உன் மேக்கப்பைவிட அவ பெயிண்ட் அதிக நாள் நிக்குது" என்று சொல்லிவிட்டு, அவள் பார்த்த பார்வையில் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். "வா, கொண்டு போய் விடறேன்."

மருமகள் வேலை பார்க்கும் கார் பட்டறைக்கு அவள் இதற்கு முன் வந்ததே இல்லை. வாசல் வரை பேருந்து வந்து நின்றதும் ஒட்டுப் போடும் ஆள் ஒருவன் உள்ளே திரும்பிக் கத்தினான். "மீட்டரு! உன்னைப் பார்க்க யாரோ ஸ்கூல் பஸ்ல வந்திருக்காங்க! டிசி வாங்கவா, அட்மிஷனுக்கா?"

இங்கே மருமகளுக்குப் பெயர் மீட்டர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மருமகள் நிமிர்ந்து பார்த்து, "அத்தை! வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" என்று பதறினாள்.

"நல்லா இருக்காங்க. நீ வேலையை முடி. நான் காத்திருக்கேன்."

ஒரு பழுப்பு நிறக் கார் நின்றது. ஒரு கதவு மட்டும் புதிதாக மாற்றி, நிறம் அடிக்காமல் இருந்தது. நிறம் ஒப்பிட மருமகள் காரின் பெட்ரோல் மூடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். தராசின் மேல் ஒரு டப்பா. மஞ்சளில் சில துளி, சிவப்பில் சில துளி, நீலத்தில் ஒரே ஒரு துளி. கலக்கினாள். சின்ன அட்டையில் அடித்தாள்.

கார்க்காரர் எட்டிப் பார்த்தார். "அப்படியே இருக்கேம்மா. அடிச்சிடு, நான் கிளம்பணும்."

"ஈரமா இருக்கும்போது எல்லாம் அழகாத்தான் சார் இருக்கும். காயட்டும்."

காய்ந்ததும் அட்டையையும் மூடியையும் எடுத்துக்கொண்டு ட்யூப்லைட்டுக்குக் கீழிருந்து வெளி வெளிச்சத்துக்கு வந்தாள். இரண்டையும் ஒட்டி வைத்து நேராகப் பார்த்தாள். பிறகு தலையைச் சாய்த்துப் பக்கவாட்டில் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள். திரும்பிப் போய் இன்னும் ஒரு துளி சிவப்பு.

மேக்கப்பம்மாவின் கை தானாகத் தன் புறங்கையைத் தடவிக்கொண்டது. இவ்வளவு வருடம் எதை எதோடு வைத்துப் பார்த்திருக்கிறோம்?

பட்டறையின் பின்பக்கம் பழைய டயர்களின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள். மேக்கப்பம்மா ஒரே மூச்சில் சொன்னாள். செய்திப் பெண், ஒன்பது செகண்ட், இன்றைக்கு ஒரு நாள். பையிலிருந்து தேன் பாட்டிலை எடுத்துக் காட்டினாள்.

"இதுல எங்கே தப்பு நடக்குதுன்னு உனக்குத் தெரியும்னு தோணுது."

மருமகள் பாட்டிலை வாங்கி வெயிலில் பிடித்தாள். "அத்தை, உண்மையைச் சொல்லட்டுமா, மரியாதையைச் சொல்லட்டுமா?"

"மரியாதையை மூணு வாரமாக் கேட்டுட்டேன்மா."

மருமகளின் வாயோரம் லேசாக அசைந்தது. "இதுல வெள்ளை இருக்கு. நிறைய. வெள்ளை மேல கறுப்பைப் போட்டா பழுப்பு வராது அத்தை, சாம்பல்தான் வரும். இங்க புதுசா வர்ற பையன்களும் அதைத்தான் செய்வாங்க. அப்புறம், நீங்க கலக்கி உங்க கையில வெச்சுப் பார்த்தீங்க. என் கலர் உங்க கையில எப்படித் தெரியும்?"

"அன்னிக்கே பார்த்தியா?"

"வேலை புத்தி. கண்ணு தானா அங்க போயிடுச்சு."

"சொல்லியிருக்கலாமே."

மருமகள் எழுந்து உடையிலிருந்த தூசியைத் தட்டினாள். "நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வரேன். பழகிப் பார்க்க ஒரு முகம் வேணுமில்ல?"

"உட்காருவியா?" அந்தச் சொல் அவளுக்கே சரியாகக் கேட்காத குரலில் வந்தது.

"உட்காருவேன். ஆனா எங்க பட்டறை பெயிண்டை எடுத்துடாதீங்க. அதுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி. கழுவினாலும் போகாது."

வீட்டில் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டார்கள். மருமகள் ட்யூப்லைட்டை அணைத்தாள்.

"வெள்ளை இருக்கற பாட்டிலை எல்லாம் தள்ளி வைங்க."

"கடைசி ஒண்ணைத் தவிர எல்லாத்துலயும் இருக்கே."

"அப்போ எல்லாத்தையும் தள்ளி வைங்க."

பதினொன்று போய் ஒன்று நின்றது. மேக்கப்பம்மா அதன் காகிதத்தைக் கிழித்தாள். பிறகு ஏதோ நினைவு வந்து கட்டிலுக்கடியிலிருந்து பழைய தகரப் பெட்டியை இழுத்தாள். முதன்முதலில் நாடகக் குழுக்களுக்கு வேலை செய்தபோது வாங்கத் தொடங்கிய ஒப்பனை வண்ணக் குச்சிகள். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, நீலம். நாடகம் போடும் பள்ளிகளுக்காக இன்னமும் வருடம் ஒரு முறை புதிதாக வாங்கி வைப்பாள். ஃபவுண்டேஷனுக்கு அடியில் இவற்றைப் போடலாம் என்று தோன்றியதே இல்லை.

சாப்பாட்டு டப்பாவின் மூடிதான் தட்டு. பழுப்பில் ஒரு சுரண்டல் சிவப்பு. மருமகளின் தாடையோரம், கழுத்துக்கு மேலே, ஒரு கோடு இழுத்தாள்.

"சரியா இருக்கு" என்றாள்.

"காயட்டும் அத்தை."

காத்திருந்தார்கள். ஐந்து நிமிடம் ஒரு முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் புதிது. எப்போதும் கை ஓடிக்கொண்டே இருக்கும், கண் கையின் பின்னால் ஓடும். இப்போதுதான் பார்த்தாள். நெற்றியின் ஓரம் ஒரு நிறம், கன்னம் இன்னொன்று. கன்னத்தில் அடியில் எங்கோ சிவப்பு எரிந்தது. மூக்கின் மேல் ஜன்னல் வெளிச்சம் ஒரு மெல்லிய கோடாக நின்றது. இத்தனை நாளாக இந்த வெளிச்சத்தைத்தான் பவுடர் போட்டு அணைத்துக்கொண்டிருந்தாள்.

கோடு காய்ந்து கொஞ்சம் கருத்துத் தெரிந்தது. மஞ்சள் சேர்த்தாள். இரண்டாவது கோடு. மூன்றாவது. நான்காவது கோடு காய்ந்ததும் எங்கே போட்டோம் என்று தேட வேண்டியிருந்தது.

"ம்" என்றாள் மருமகள், கைக்கண்ணாடியில் பார்த்து. நிறம் அளக்கும் மீட்டர் ஒப்புக்கொண்டது.

கண்ணுக்கு அடியிலிருந்த கருமைக்கு முதலில் ஆரஞ்சை ஒற்றினாள். அதன் மேல் கலவையை விரல் நுனியால் பரப்பினாள். விரலுக்கடியில் அந்த முகம் மெதுவாக இளகியது. அந்த இளக்கம் கொடுத்த தைரியத்தில் கேட்டாள்.

"அன்னிக்கு ஏம்மா கழுவினே?"

மருமகள் கண்ணை மூடியபடியே இருந்தாள்.

"மணப்பெண் அறை வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். அப்பா வந்தார். என்னை நேராப் பார்த்தார். அப்புறம் என்னைத் தாண்டி உள்ளே போய், அங்க இருந்த பொண்ணுங்ககிட்ட 'பாப்பா எங்கம்மா, நேரமாச்சு'ன்னு கேட்டார்."

விரல் நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம்தான் அத்தை. அப்புறம் குரலை வெச்சுக் கண்டுபிடிச்சு, கண்ணாடி சரியில்லன்னு சமாளிச்சார். ஆனா எனக்குத் தாங்கலை. அம்மா இல்லாம வளர்த்த மனுஷன். அந்த ஒரு நாள் என்னைத் தெரியாம நிக்கக் கூடாது, இல்லையா?"

மேக்கப்பம்மா திரும்பிக்கொண்டு பஞ்சைத் தேடினாள். பஞ்சு கையில்தான் இருந்தது.

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா..."

"நீங்க அழுதிருப்பீங்க. நானும் அழுதிருப்பேன். அப்புறம் நம்ம ரெண்டு பேருக்கும் யார் மேக்கப் போடறது?"

அழுகையும் சிரிப்பும் ஒரே வழியாக வந்து முட்டிக்கொண்டன. "கண்ணைத் திறக்காதே, மை கலைஞ்சிடும்" என்று அதட்டினாள். அதட்டியபின்தான் உறைத்தது. மூன்று வாரத்தில் மருமகளை அவள் அதட்டியது இதுதான் முதல் முறை.

முடிந்ததும் மருமகள் கண்ணாடியை வெகுநேரம் பார்க்கவில்லை. போனை எடுத்தாள். "பரீட்சை வெச்சுடலாம்."

திரையில் தையல் மெஷின் தெரிந்தது, பிறகு அவள் அப்பா. டெய்லர். வாயில் ஊசி. கண்ணாடி நெற்றிக்கு மேல் ஏறியிருந்தது.

"என்ன பாப்பா, இந்நேரத்துல? வேலைக்குப் போகலையா?"

"அப்பா, முகத்துல ஏதாவது தெரியுதா?"

"என்ன தெரியணும்? நீதான் தெரியறே." ஊசியை எடுத்து மெஷினில் குத்தினார். "தெளிவா இருக்கே. ராத்திரி நல்லாத் தூங்கினியா?"

மேக்கப்பம்மா இருபத்தாறு வருடத்தில் எத்தனையோ பாராட்டுகளைக் கேட்டிருக்கிறாள். அவள் வேலையே கண்ணில் படாமல் ஒருவர் பேசியது இதுதான் முதல் தடவை. கலவை மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு திரைக்குத் தெரியாமல் ஒதுங்கி நின்றாள்.

"சரி, அந்த விஷயத்தை உங்க அத்தைகிட்ட சொல்லிட்டியா?" என்றார் டெய்லர்.

"அப்பா, அப்புறம் கூப்பிடறேன்." போன் அவசரமாக அணைந்தது.

எந்த விஷயம்? மருமகள் பாட்டில்களை அடுக்கத் தொடங்கியிருந்தாள், தேவைக்கு அதிகமான கவனத்தோடு. கேட்க வாயெடுத்தாள். கடிகாரத்தில் மணி நாலு.

"கிளம்புங்க அத்தை. மூடியைக் கழுவிட்டு எடுத்துட்டுப் போங்க."

"இந்தக் கலவை மிச்சம் இருக்கே, இதையே..."

"அது என் கலர். அவங்களுக்கு எதுக்கு?"

நிலையத்தின் ஒப்பனை அறைக்கு ஜன்னல் கிடையாது. செய்திப் பெண் ஐந்து மணிக்கு வந்தாள். தோளில் அந்தக் கைப்பை. வணக்கம் சொன்னாள், சிரித்தாள், நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை ஒப்புக்கொடுத்தாள். அந்தச் சிரிப்பை மேக்கப்பம்மாவுக்கு இப்போது அடையாளம் தெரிந்தது. அவள் வீட்டிலும் அது மூன்று வாரம் குடியிருந்தது.

"இங்க வேண்டாம்மா. மாடிப்படிக்கிட்ட வெளிச்சம் இருக்கு, அங்க உக்காரலாமா? ஒரு பத்து நிமிஷம்தான்."

"படிக்கட்டுலயா அக்கா?"

"ஆமா. பையையும் எடுத்துக்கோங்க. நான் போடறது பிடிக்கலைன்னா கழுவிட்டு உங்களோடதைப் போட்டுக்கோங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன். தப்பு என்னோடதுதான். இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

செய்திப் பெண் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

படிக்கட்டு ஜன்னலில் மாலை வெளிச்சம் இருந்தது. மேக்கப்பம்மா மூடியில் பழுப்பை எடுத்தாள், சிவப்பைச் சேர்த்தாள், தாடையோரம் கோடு இழுத்தாள். மருமகளுக்கு ஒத்துப்போனது இங்கே செங்கல் தூள்போல் தனியாக நின்றது. இந்த முகத்தின் அடியில் சிவப்பு இல்லை. வேறு ஏதோ ஓர் ஆழம். கறுப்பு என்று ஒரே சொல்லில் எத்தனை பேரை அள்ளிப் போட்டிருக்கிறோம் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. வெட்கப்பட நேரமில்லை. துடைத்தாள். நீலத்தில் ஊசிமுனை அளவு தொட்டாள்.

"காயட்டும்" என்றாள்.

இருவரும் படியில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். இரண்டாவது கோடும் தனியாகத் தெரிந்தது. மூன்றாவது கோட்டைக் காணவில்லை. பவுடர் டப்பாவைத் திறக்கப்போன கையை அவளே இழுத்துக்கொண்டாள்.

ஐந்து ஐம்பதுக்கு வேலை முடிந்தது. செய்திப் பெண் ஒப்பனை அறைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

வெளியே நீளமான நடை. அதன் முடிவில் இடது பக்கம் கழிப்பறை, வலது பக்கம் ஸ்டூடியோ. மேக்கப்பம்மா கதவருகில் போகவில்லை. தூரிகைகளைத் துடைத்தபடி காலடிச் சத்தத்தை மட்டும் கேட்டாள். டக், டக், டக். நடுவழியில் சத்தம் நின்றது.

பிறகு திரும்பி வந்தது.

கையிலிருந்த தூரிகையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

செய்திப் பெண் வாசலில் நின்றாள். தோளிலிருந்து கைப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். "அக்கா, இதை நான் வர வரைக்கும் பார்த்துக்கறீங்களா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது. காலடிச் சத்தம் நடையின் முடிவு வரை போய் வலது பக்கம் திரும்பியது. ஸ்டூடியோவின் கனத்த கதவு மூடும் சத்தம் கேட்டது.

மேக்கப்பம்மா அந்தப் பையின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சுவரிலிருந்த டிவியில் ஆறு மணி இசை தொடங்கியது. நாற்காலி காலியாக இல்லை. அதில் ஒரு முகம் இருந்தது. மூக்கின் மேல் மெல்லிய கோடாக வெளிச்சம்.

மடியில் போன் அதிர்ந்தது. மருமகளிடமிருந்து செய்தி.

"பார்த்துட்டிருக்கோம் அத்தை. மாமா டிவி பக்கத்துல போய் நின்னுக்கிட்டு மறைக்கறார். சீக்கிரம் வாங்க. ஒண்ணு சொல்லணும். உங்க மகன் வரதுக்கு முன்னாடி சொல்லணும். டீ நான்தான் போடுவேன், வேண்டாம்னு சொல்லக் கூடாது."

அவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு, "சக்கரை கம்மியாப் போடு" என்று பதில் அனுப்பினாள்.